ஐம்பது கோடி வருடத்து மலையும் ஒரு தொங்கல் காம்பராவும்

நான் சொன்ன ஜோக்குகளில் ஒன்றே ஒன்றுதான் என்னை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றியது. மற்றதெல்லாம் வகுப்பறையில் பிறந்து, கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவனிடம் போய்ச் சேருவதற்குள் செத்துப்போனவை. இருபத்திரண்டு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. அதைச் சொல்லிவிட்டு நானே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பேனே, அந்தத் தொப்பையைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். சிரிப்பு எந்த வழியாக வந்தால் என்ன என்று நானும் வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

ஊர் சுற்றிய அந்த ஒன்று, மலையைப் பற்றியது. அதைச் சுற்ற வைத்தவர் என் அக்காவின் கணவர்.

அக்காவும் மச்சானும் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் மேல் லயத்தில் குடியிருந்தார்கள். லயத்தின் ஓரத்துக் கடைசி வீடு. எங்கள் பக்கம் அதைத் தொங்கல் காம்பரா என்போம். ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். மறுபக்கம் காற்று, மழை, மாட்டுக் கொட்டில், கொட்டிலுக்குப் பின்னால் தேயிலை, தேயிலைக்கு மேலே மலை. மச்சான் முப்பது வருடம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, முழங்கால் இரண்டையும் மலைக்கே கொடுத்துவிட்டு, இரண்டு மாடும் கொஞ்சம் லீக்ஸுமாக வீட்டில் இருந்தார். அக்கா இன்னும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் போனபோது மச்சான் பின்பக்கச் சுவருக்கு முன்னால் கோதுமை மாவுப் பசையோடு நின்றுகொண்டிருந்தார். சுவரில் தரையிலிருந்து தகரக் கூரை வரைக்கும் ஒரு வெடிப்பு. விரல் நகம் போகும் அகலம். பழைய கலண்டர் தாளை நீளமாகக் கிழித்து வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டினார்.

“சொவத்துக்குப் பிளாஸ்டரா மச்சான்?”

“இல்ல மாப்ள. இது சும்மா வெடிச்சதா, இல்ல நடக்குதான்னு பாக்கணும். தாளு கிழிஞ்சா நடக்குதுன்னு அர்த்தம்.”

“கிழிஞ்சா?”

“கிழிஞ்சா நாமளும் நடக்க வேண்டியதுதான்.”

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “எங்க நடக்குறது? அந்தத் தகரக் கொட்டிலுக்கா? அங்க ஒருத்தன் தும்முனா ஒம்போது வீட்டுல கேக்குதாம்.”

அவள் சொன்னது கீழே விளையாட்டு மைதானத்துக் கொட்டில்கள். முன்னொரு மழையில் வேறொரு லயத்தை ஆபத்து என்று காலி பண்ண வைத்து, சனங்களைக் கொஞ்ச நாளைக்கு என்று அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் இப்போது என்னிடம் படிக்கின்றன. மாடு கட்ட இடம் கிடையாது. மச்சானிடம் வீட்டை விடச் சொல்லலாம், மாட்டை விடச் சொல்ல முடியாது. ஆக, போவதா இருப்பதா என்ற கேள்வி அன்றைக்கே அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? பாடம் நடத்தினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

லயத்துக்குப் பின்னால் பீலி இருந்தது. மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து விழ விட்டிருக்கும் இடம். குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். துவைக்கிற கல்லை யாரும் கொண்டுவந்து போடவில்லை. மலையின் பாறையே அந்த இடத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டு தலை நீட்டியிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக வரி, வரிகளுக்கிடையில் மிளகாய் விதை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கல்லுக்கு அது பெரிய சுமைதான்.

“மச்சான், நீங்க சவுக்காரம் போடுற கல்லு என்னான்னு தெரியுமா?”

“துவைக்கிற கல்லு.”

“இது ஒரு பெரிய மலையோட அடி. ஐம்பது கோடி வருசத்துக்கு முந்தினது.”

“அப்ப நான் கொஞ்சம் மெதுவாவே அடிச்சுத் துவைச்சிருப்பேனே.”

அக்காவின் படங்கை எடுத்துத் தரையில் விரித்தேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குத்துணி. இரண்டு ஓரத்தையும் பிடித்து நடுவை நோக்கித் தள்ளினேன். நடுவில் மடிப்பு மடிப்பாக எழும்பியது. இப்படித்தான் என்றேன். ஒரு பக்கத்து நிலமும் மறுபக்கத்து நிலமும், நடுவிலிருந்த கடலை மூடிக்கொண்டு வந்து மோதின. விரல் நகம் வளருகிற வேகத்தில் வந்து, கோடிக்கணக்கான வருடம் நெருக்கின. நெருக்கியதில் நிலம் மடிந்து மலையாக எழும்பியது. எழும்பிய அளவுக்கு அடியிலும் அமுங்கியது. அடியில் அகப்பட்ட கல் அந்தச் சூட்டிலும் பாரத்திலும் வெந்து வேறு கல்லாக மாறியது. இந்த வரிகள் அப்படி வந்தவை. இந்தச் சிவப்புப் புள்ளியும் அந்த நெருக்குதலில் பிறந்ததுதான்.

“எங்க கலியாணம் மாதிரி,” என்றார் மச்சான். “ரெண்டு குடும்பம் மோதுச்சு. அடியில நான் அகப்பட்டேன்.”

“படங்கக் குடுடா,” என்றாள் அக்கா. “நாளைக்கு நான் அதத்தான் கட்டணும். உன் கண்டத்த வேற எதுலயாவது மோது.”

படங்கைக் கொடுத்துவிட்டு ரொட்டியைக் கையில் எடுத்தேன். மோதி ஒட்டிக்கொண்ட நிலங்கள் வெகுகாலம் ஒரே குடும்பமாக இருந்தன. இந்தியா, மடகஸ்கார், அன்டார்டிகா, நடுவில் சின்னப் பிள்ளை மாதிரி இலங்கை. பிறகு அடியிலிருந்து சூடு கிளம்பி நிலம் இழுபட்டு மெலிந்து பிளக்க ஆரம்பித்தது. ரொட்டியை மெதுவாக இழுத்தேன். பிய்ந்தது. மடகஸ்கார் ஒரு பக்கம் போனது, அன்டார்டிகா தெற்கே போய்ப் பனிக்குள் படுத்துக்கொண்டது. நமக்கும் இந்தியாவுக்கும் நடுவில் நிலம் இழுபட்டுப் பள்ளம் விழுந்தது. இன்றைக்கு அதில்தான் மன்னார்க் கடல் கிடக்கிறது.

“அப்ப அன்டார்டிகாக்காரன் நமக்குச் சொந்தமா?”

“பங்காளி மச்சான்.”

“அதான் இந்தக் குளிரு.” மச்சான் கொஞ்சம் யோசித்தார். “அப்ப நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து வர்றதுக்கு முன்னாடியே இந்தக் கல்லுக்கும் அக்கரைக்கும் தொடுப்பு இருந்திருக்கு.”

“ஆமா.”

“கல்லுக்குப் பிரஜாவுரிமை குடுத்தாங்களா?”

தோட்டத்துச் சனம் அதற்காகப் பட்ட பாடு பாடத்திட்டத்தில் இல்லை. ரொட்டியின் தென்துருவத்தைச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் அந்த வசனத்தைச் சொன்னேன். இமயமலை இன்னும் மோதிக்கொண்டு வளருகிற விடலைப் பயல், நம்முடைய மலை எல்லா மோதலையும் முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவன், என்று ஆரம்பித்து, “ஐம்பது கோடி வருசமா அசையாத மலை, உங்க வீட்டுச் சொவத்தப் பாத்தா அசையப் போவுது?” என்று முடித்தேன். மச்சான் சிரித்த சிரிப்பில் மாடு திரும்பிப் பார்த்தது. அக்கா கூடச் சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் பயம் கொஞ்சம் குறைந்தது. அது என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வசனம் அதற்குப் பிறகு மச்சானுக்குச் சொந்தமானது. பஜாரில் சொன்னார், கோயிலில் சொன்னார். முழங்காலுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில், “ஐம்பது கோடி வருசமா அசையாத முட்டி” என்றார். ஒரு மாதம் கழித்து ஹட்டன் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தார். எழுந்து நின்று, “ஐயா, அதை உருவாக்கியவன் அடியேன்” என்று சொல்லத் துடித்தேன். என் பெருமை அந்த அளவில் இருந்தது.

அந்தப் பாடத்தில் நான் விட்ட ஒரு வரி உண்டு. பொய் எதுவும் சொல்லவில்லை, ஒரு வரியை விட்டேன். மலையின் அடிக் கல் இன்றைக்கு வெளியே தெரிகிறது என்றால், அதற்கு மேலே இருந்த மலை எங்கே? போய்விட்டது. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நொறுக்கி, மண்ணாக்கி, இறக்கிக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டது. நாம் குடியிருப்பது போய்க்கொண்டே இருக்கிற ஒரு மலையின் மிச்சத்தில். கல் கிழவன்தான். அவன் மேல் போர்த்தியிருக்கிற மண் போர்வை அப்படியல்ல. அது ஒவ்வொரு மழைக்கும் நழுவப் பார்க்கும். வகுப்பில் இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன். பரீட்சையில் அதிகம் வராது. அதில் ஜோக்கும் கிடையாது.

கலண்டர் தாள் கிழிந்தது. மச்சான் புதிதாக ஒட்டினார். அதுவும் கிழிந்தது. “சூட்டுக்குக் காஞ்சிருக்கும்” என்றார். மூன்றாவது தாள் ஒட்டியிருந்தபோது தீபாவளி வந்தது.

தீபாவளிக்கு லயத்தில் வெள்ளை அடிக்காத வீடு இருக்காது. கையில் ஒன்றும் இல்லாதவன்கூட முன்சுவருக்காவது ஒரு பூச்சுப் பூசிவிடுவான். பூசாத வீட்டைப் பார்த்தால் துக்க வீடா என்று கேட்பார்கள். லீவு போட்டுவிட்டு நான் போய் மச்சானுக்கு உதவினேன். அவர் சீமெந்தைக் குழைத்து வெடிப்பை அடைத்தார். தாளைக் கிழித்துப் போட்டது அவர். அதன்மேல் மட்டையால் வெள்ளை அடித்தது நான். இரண்டு தரம் அடித்தேன். வெடிப்பு இருந்த தடமே தெரியவில்லை. அக்கா தள்ளி நின்று பார்த்து, “வாத்தியாரு வேலைக்கு இது எவ்வளவோ தேவல” என்றாள். என் வாழ்க்கையில் யாரும் குறை சொல்லாத ஒரே வேலை அது.

தீபாவளி முடிந்து சில நாளில், மண்சரிவு ஆபத்துள்ள இடங்களைப் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்தார். இளைஞர், சிங்களவர். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு தொங்கல் காம்பராவுக்கு வந்து, வெடிப்பு ஏதாவது உண்டா என்று சிங்களத்தில் கேட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். அக்கா மச்சானைப் பார்த்தாள். அந்தச் சுவர் தும்பைப் பூ மாதிரி நின்றுகொண்டிருந்தது.

“இருந்தது” என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, கண்டங்கள் மோதியது, பிளந்தது, பங்காளி அன்டார்டிகா, எல்லாவற்றையும் அவருக்கு நடத்திக் காட்டினேன். கடைசியில் அந்த வசனத்தையும் மொழிபெயர்த்தேன். மனிதர் பல்கலைக்கழகத்தில் இதையே படித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரியவர் பேசுகிறாரே என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார்.

“சேர், கல்லு சரி. மண்ணு?”

“மண்ணு எங்க மச்சான் பொறுப்பு,” என்றேன்.

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பெருமழை பெய்தால் கட்டாயம் இறங்கிவிடுங்கள், பீலித் தண்ணீரைக் கவனியுங்கள் என்று மச்சானிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் அடித்த வெள்ளைக்குப் பின்னால் பார்க்க அவருக்கு என்ன எக்ஸ்ரே கண்ணா?

அடுத்து வந்தது அந்த மழை. மூன்று நாள் விடாமல் பெய்தது. பஸ் நின்றது. தோட்டத்தில் காலைப் பெரட்டும் இல்லை, ஆளைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கக்கூட யாராலும் வெளியே நிற்க முடியவில்லை. நான் நாலு மைல், எங்கள் கணக்கில் நாலு கட்டை, கீழே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் காலை பத்து மணியிருக்கும். அக்கா போன் எடுத்தாள்.

“தம்பி, சொவத்துல கோடு திரும்ப வந்துருச்சுடா. நீ அடிச்ச வெள்ளைக்கு மேலயே வந்துருச்சு.”

“பீலியில தண்ணி எப்படிக்கா வருது?”

“காலையில செவப்பா வந்துச்சு. இப்ப வரல.”

இத்தனை மழையில் பீலி நின்றுவிட்டது. தண்ணீர் வேறு எங்கோ வழி எடுத்துக்கொண்டு மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் போகிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான் படித்தது எனக்கே விளங்கியது.

“அக்கா, ஒண்ணையும் எடுக்காத. லயத்துல எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போ. இப்பவே.”

போனார்கள். பக்கத்து வீடுகளும் போயின. கோயில் தள்ளி, பாறை மேட்டில் இருக்கிறது. மச்சானும் அவர்களோடு பாதி வழி போயிருக்கிறார். ஒரு மாடு சினையாக இருந்தது. அதை மட்டும் அவிழ்த்துவிடாமல் வந்தது நினைவு வந்து திரும்பிவிட்டார். அக்கா கத்தியும் நிற்கவில்லை. அவள் என்னிடம் சொல்ல, நான் அவருக்குப் போன் எடுத்தேன். தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது.

“மச்சான், மாட்ட விட்டுட்டு ஓடியாங்க!”

“இருங்க மாப்ள. ஐம்பது கோடி வருசமா அசையாத மலை, நான் முடிச்ச அவுக்குற அஞ்சு நிமிசத்துலயா அசையப் போவுது?”

நான் சிரித்தேன்.

இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். சிரிக்க வேண்டும் என்று நினைத்துச் சிரிக்கவில்லை. அவர் அதைச் சொல்லும் போதெல்லாம் சிரித்துப் பழகிய வாய், தானாகச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு லைன் இல்லை. திரும்ப எடுத்தேன், திரும்பத் திரும்ப எடுத்தேன்.

நாலு கட்டையையும் நடந்து, ரோட்டில் விழுந்த மரங்களுக்கு மேலே தொப்பையை ஏற்றி இறக்கி நான் போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. சினை மாடு கோயில் வாசலில், கழுத்துக் கயிறு சேற்றில் இழுபட நின்றுகொண்டிருந்தது. கயிறு அறுந்ததல்ல. முடிச்சு ஒழுங்காக அவிழ்க்கப்பட்டிருந்தது.

லயம் இருந்த இடத்தில் மேலிருந்து கீழே ஆறுவரைக்கும் ஒரு செம்மண் பாதை. தேயிலை இல்லை, கொட்டில் இல்லை, காம்பராக்களில் ஒன்றுகூட இல்லை. பீலி இருந்த இடத்தில் மட்டும் அந்தத் துவைக்கிற கல் அப்படியே நின்றது. மண்ணெல்லாம் கழன்று, முன்பு தெரிந்ததைவிடப் பத்து மடங்கு பெரிதாக, மழையில் கழுவிக்கொண்டு. வரிகள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. சிவப்புப் புள்ளிகள் மின்னின. பாடப்புத்தகத்தில்கூட இப்படி ஒரு படம் கிடையாது.

மலை அசையவில்லை. நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

மச்சானை இரண்டாம் நாள் எடுத்தோம். அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

மேல் லயத்துச் சனங்களை எங்கள் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். என் வீட்டுக்கு வா என்று அக்காவைக் கூப்பிட்டேன். லயத்து ஆட்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு இடம் கிடைத்தது என் வகுப்பறையில். வாங்குகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் போட்டிருந்தார்கள். கரும்பலகையில், மழைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் வரைந்த படம் அப்படியே இருந்தது. ஒட்டிக்கொண்டிருக்கும் கண்டங்கள், நடுவில் சின்னதாக இலங்கை, இரண்டு பக்கமும் அம்புக்குறிகள்.

காரியம் முடிந்த மறுநாள் பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். அக்கா பாயில் சுவரோடு சாய்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுதானா அவரு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது?”

“ஆமாக்கா.”

“இதுல நம்ம லயம் எங்க இருக்கு?”

சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன். மோதியது, பிளந்தது, எல்லாம் மறுபடி சொன்னேன். இந்தத் தடவை அந்த விட்ட வரியையும் சொன்னேன். மேலே இருந்த மலை மண்ணாகிப் போய்க்கொண்டே இருப்பதை.

“அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமே,” என்றாள்.

“சொல்லியிருக்கலாம்.”

தேத்தண்ணீர் ஆறியது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“கடைசியா உன்கிட்டதான் பேசுனாரு. என்னா சொன்னாரு?”

“மாட்ட அவுத்துட்டு வந்துர்றேன்னாரு.”

“பொய் சொல்லாத. அவரு அப்படிச் சொல்ற ஆளா? அதத்தான சொன்னாரு?”

தலையாட்டினேன்.

“சிரிச்சாரா?”

“சிரிச்சாரு.”

“நீ?”

வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை இந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன். நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

“நானும் சிரிச்சேன்க்கா.”

அக்கா முகத்தை வாசல் பக்கம் திருப்பினாள். வெளியே பள்ளிக்கூட மைதானத்தில் சாப்பாட்டுக்கு வரிசை பிடிக்கிற சத்தம். யாரோ யாரையோ முந்திவிட்டதாகச் சண்டை.

“அப்ப தனியா சிரிக்கல,” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அவரைப் பற்றிச் சொன்னாள், என்னைப் பற்றி அல்ல.

பிறகு பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள். “அந்தப் படத்த அழிச்சுடு. கண்ணத் தொறந்தா அதான் தெரியுது.”

அழித்தேன். ஈரத்துணி வைத்து இரண்டு தரம் துடைத்தேன். ஈரமாக இருக்கும்வரை பலகை சுத்தமாகத்தான் தெரிந்தது. காய்ந்ததும் கோடு மறுபடி லேசாக எழும்பி வந்தது. துணியை நனைத்துக்கொண்டு வர மறுபடி வெளியே போனேன்.